கண்ணெதிரே ஓர் இலக்கு



பதுளை மாவட்டத்துத் தேயிலை மலைகளிலே கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டவர்கள் ஒரு சிறு பொருளையும் கண்டிருப்பார்கள். செடிகளின் தலைமேல் நீளமான மெல்லிய கம்பு ஒன்றைக் கிடத்தி வைத்துக்கொண்டு அவர்கள் பறிப்பார்கள். மட்டக்கம்பு என்பது அதன் பெயர். கம்புக்கு மேலே தலைநீட்டி நிற்பது பறிக்க வேண்டிய கொழுந்து. கீழே நிற்பது விட்டுவைக்க வேண்டிய இலை. எந்த மட்டம் வரையில் பறிப்பது என்று அந்தப் பெண் ஒவ்வொரு செடியிடத்தும் நின்று யோசிப்பதில்லை. கண் சொல்லுகிறது, கை செய்கிறது.

மாலையிலே கொழுந்து நிறுக்கப்படுகிறது. தராசின் முள் காட்டும் கிலோக் கணக்கைக் கொண்டு அன்றைய நாள் முழுப்பேரா, அரைப்பேரா என்பது தீர்மானமாகிறது. காலையிலே பிரட்டுக்களத்தில் கூறப்பட்ட அளவு, மாலையிலே தராசில் கண்கூடாகத் தெரிகிறது. இந்த ஏற்பாடு தொழிலாளிக்கு எவ்வளவு நியாயம் செய்தது, எவ்வளவு அநியாயம் செய்தது என்பது வேறு விஷயம். ஆனால் ஓர் உண்மையை நாம் மறுக்கவியலாது. ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக, தேயிலையின் இலக்கு தோட்டத்திலே எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதே தோட்டத்து லயத்திலே பிறந்து, உயர்தர வகுப்பிலோ கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கின்ற பிள்ளையின் இலக்கு மட்டும் எவர் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கிறது. சில வேளைகளில் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கே தெரிவதில்லை. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உயர்தர வகுப்பிலே சேரும் மாணவர் எவரும் ஊக்கமில்லாமல் சேருவதில்லை. சாதாரணதரப் பெறுபேறு கையிலே இருக்கிறது, வீட்டிலே மகிழ்ச்சி, புதிய புத்தகங்கள். முதல் மூன்று மாதம் படிப்பு விரைந்து செல்லுகிறது. பிறகு மெல்ல மெல்ல ஒரு சோர்வு வந்து கவிகிறது. பரீட்சையோ இரண்டாண்டுக்கு அப்பால் நிற்கிறது. இன்று படித்ததனால் என்ன கூடிற்று, படியாததனால் என்ன குறைந்தது என்று காட்ட எதுவுமில்லை. இதற்கிடையிலே, கொழும்பிலே ஒரு கடையில் வேலை கிடைத்த நண்பன் பண்டிகைக்குப் புதுச் சட்டையோடு வருகிறான். ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்ற தோழி மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். அவர்களுடைய பலன் கண்ணுக்குத் தெரிகிறது. படிக்கின்றவருடைய பலன் தெரிவதில்லை. படிப்பை இடையிலே விட்டவர் அனைவரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. தொலைவிலே உள்ள பெரிய நன்மையைக் காட்டிலும் அருகிலே உள்ள சிறிய நன்மை மனத்தை வலிந்து இழுக்கும். அது மனித இயல்பு. ஆகவே, தொலைவிலே உள்ளதை அருகிலே கொண்டுவந்து நிறுத்தும் வழி யாது என்பதே நம்முடைய கேள்வி.

ஊவா மக்களுக்கு இதை விளக்க நம்முடைய புகையிரதப் பாதையே போதும். கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867இல் கண்டியை அடைந்தது, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல்தான் பதுளை. கண்டியிலிருந்து பதுளைக்கு வந்து சேர ஐம்பத்தேழு ஆண்டுகள்! பதுளை என்னும் ஒரே பெயரை நினைத்துக்கொண்டு எவரும் மலையைக் குடைந்துவிடவில்லை. இந்த ஆண்டு இந்த முளை வரையில், அடுத்த ஆண்டு அந்தச் சுரங்கம் வரையில் என்று நிலத்திலே அடையாளமிட்டு, அந்த அடையாளத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே வேலை நடந்தது. தெமோதரைக்கு அருகே, இரும்புச் சட்டங்களின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும் அவ்வாறு ஒவ்வொரு கல்லாக எழுந்ததுதான்.

தெமோதரையிலே இன்னோர் அதிசயமும் உண்டு. பதுளை நோக்கிச் செல்லும் வண்டி, நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலே உள்ள சுரங்கத்தினூடே வெளியேறுகிறது. வண்டியிலே இருப்பவருக்கு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்துவிட்டதாகத் தோன்றும். வரைபடத்தைப் பார்த்தவருக்கோ, அந்தச் சுற்றும் பயணத்தின் ஒரு பகுதிதான் என்பது தெரியும். படிப்பிலும் இப்படிப்பட்ட சுற்றுக்கள் வரும். ஒரே பாடத்தை மூன்றாம் முறை படிக்கின்ற மாணவி, தான் முன்னேறவில்லை என்று எண்ணிக் கலங்குகிறாள். அவள் கையிலே ஒரு வரைபடம் இருந்தால் கலங்கமாட்டாள்.

அந்த வரைபடத்தை எப்படி அமைப்பது? இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இலக்கைக் கண்ணெதிரே வைப்பது என்றதும், பலர் ஒரு மருத்துவருடைய படத்தையோ, பட்டமளிப்பு அங்கியணிந்த ஒருவருடைய படத்தையோ வெட்டிச் சுவரிலே ஒட்டிவைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாம், டெய்லர் என்னும் இரு உளவியலாளர் நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. பரீட்சையை எதிர்நோக்கியிருந்த மாணவர்களில் ஒரு சாராரிடம், உயர்ந்த புள்ளி பெற்று மகிழ்வதைத் தினந்தோறும் மனக்கண்ணிலே காணச் சொன்னார்கள். மற்றொரு சாராரிடம், எங்கே உட்கார்ந்து, எந்தப் புத்தகத்தை எடுத்து, எவ்வாறு படிக்கப்போகிறோம் என்பதைக் காணச் சொன்னார்கள். படிக்கும் வழியைக் கண்டவர்களே கூடுதலாகப் படித்தார்கள். புள்ளியும் கூடுதலாகப் பெற்றார்கள். வெற்றியை மாத்திரம் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி உதவவில்லை. ஜெர்மன் நாட்டு உளவியலாளராகிய கேப்ரியேல் எட்டிங்கனும் அவருடைய துணையாய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை ஒருவாறு விளக்குகிறது. இனிய கற்பனையிலே திளைப்பவருடைய உடல், காரியம் முடிந்துவிட்டது போல ஓய்வடைந்து, ஊக்கம் தணிந்துபோகிறதாம்.

இது நமக்குப் புதியதன்று. மகாபாரதத்திலே துரோணர் மரத்துப் பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் மரத்தையும் கிளையையும் கண்டார்கள். அர்ச்சுனன் தன் இலக்கை மாத்திரமே கண்டான். ஆனால் அதே அர்ச்சுனனைப் பற்றிய மற்றொரு கதையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒருநாள் இரவு உண்ணும்போது விளக்கு அணைந்தது. இருளிலும் கை தவறாமல் வாய்க்குச் சென்றது. பழக்கம் இருந்தால் இருளிலும் கை குறி தவறாது என்று அறிந்து, அவன் இரவிலேயே வில்லெடுத்துப் பயிலத் தொடங்கினான். முதற்கதை இலக்கைச் சொல்லுகிறது. இரண்டாங்கதை அன்றாடப் பயிற்சியைச் சொல்லுகிறது. சுவரிலே நாம் எழுதும் படத்தில் இவ்விரண்டும் இருக்க வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே உயர்தரத்தில் உயிரியல் படிக்கின்ற ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டியது சென்ற ஆண்டு நாட்காட்டியின் பின்புறமும், ஒரு கோலும், இரண்டு நிறப் பேனாவும் மாத்திரமே. தாளை மூன்று பகுதியாகப் பிரிக்க வேண்டும்.

மேற்பகுதி சிறிதாக இருக்கட்டும். அங்கே இலக்கை ஒரே வரியில், திகதியோடு எழுத வேண்டும். 'நன்றாகப் படிப்பேன்' என்று எழுதுவதிலே பயனில்லை. இன்ன ஆண்டுப் பரீட்சையில், இன்ன மூன்று பாடங்களில், இன்ன இன்ன பெறுபேறு என்று எழுத வேண்டும். தெளிவும் சற்றுக் கடினமும் உள்ள இலக்கே, 'இயன்றதைச் செய்' என்ற பொதுவான சொல்லைவிட மனிதனை உழைக்கச் செய்கிறது என்பதை எட்வின் லொக் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1968இல் எடுத்துக்காட்டினார். அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதையே உறுதி செய்தன.

நடுப்பகுதி பெரிதாக இருக்கட்டும். மூன்று பாடங்களுக்கும் மூன்று பாதைகள் வரைந்து, பாடத்திட்டத்திலுள்ள ஒவ்வோர் அலகையும் ஒரு நிலையமாகக் குறிக்க வேண்டும். ஒரு பாடத்திலே பல அலகுகள் இருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று கட்டங்கள்: ஒருமுறை படித்து விளங்கிக்கொண்டால் ஒன்று, புத்தகத்தை மூடிவைத்துக் கேள்விக்கு விடையெழுதினால் இரண்டு, கடந்தகால வினாத்தாளிலே அந்த அலகுக்குரிய வினாக்களைச் செய்துமுடித்தால் மூன்று. மூன்றும் நிறமடையாமல் எந்த நிலையத்தையும் கடந்ததாகக் கொள்ளலாகாது.

கீழ்ப்பகுதி அன்றாடக் கணக்குக்கு உரியது. ஒரு மாதத்துக்கு முப்பது கட்டங்கள். அன்று செய்வதாக எண்ணியதைச் செய்து முடித்தால் கட்டத்தை நிரப்ப வேண்டும். இங்கே தோட்டத்துத் தராசின் வழக்கம் ஒன்றை நினைவிலே வைப்பது நல்லது. கொழுந்தை நிறுக்கும்போது கூடையின் பாரத்தையும் ஈரத்தின் பாரத்தையும் கழிப்பார்கள் அல்லவா? அந்தக் கழிவு மிகையாகப் போகிறது என்று நம் தாய்மார் குறைபட்டுக்கொள்வது உண்டு. ஆனால் படிப்புக் கணக்கிலே கழிவு அவசியம். மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால், கைத்தொலைபேசியைப் பார்த்த நேரத்தையும் வெறுமனே பக்கம் புரட்டிய நேரத்தையும் கழித்துவிட்டு எஞ்சியதையே எழுத வேண்டும். பொய்யாக நிரப்பிய கட்டத்தினால் ஏமாறுகிறவர் ஒருவரே; அவர் கையிலேதான் பேனா இருக்கிறது.

இவ்வாறு முன்னேற்றத்தை அடிக்கடி அளந்து பார்ப்பது இலக்கை அடைய உதவுகிறதா என்பதை 138 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்த ஓர் அறிக்கை 2016இல் வெளியாயிற்று. உதவுகிறது என்பதே அதன் முடிவு. மனத்திலே வைத்துக்கொள்வதைக் காட்டிலும் எழுதிவைத்தாலும், தான் மாத்திரம் அறிவதைக் காட்டிலும் பிறர் அறியச் செய்தாலும் பயன் மிகுதி என்பதும் அதிலே தெரிந்தது.

பிறர் என்றேன். அந்தப் பிறர் யார்? நம் தோட்டங்களிலே, பிள்ளை படிக்கின்ற பாடத்தைத் தாயினால் வாசிக்க முடியாத வீடுகள் பல உண்டு. ஆசிரியர் எழுதிய தவணை அறிக்கையும் அவளுக்குப் பிள்ளை படித்துச் சொன்னால்தான் உண்டு. ஆனால் நிரப்பிய கட்டமும் வெறுங்கட்டமும் எந்தத் தாய்க்கும் விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவின் புகை படிந்த சுவரிலே அந்தத் தாள் தொங்குமானால், மலையிலிருந்து திரும்பி வந்த தாய், நாள்முழுதும் தான் செய்த வேலையைப் போலவே தன் மகளும் ஒரு வேலை செய்திருக்கிறாள் என்பதைத் தன் கண்ணாலேயே காண்கிறாள். தண்ணீர் எடுத்துவரவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் மகளை அழைக்குமுன் ஒரு கணம் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்திலே ஒரு மணி நேரப் படிப்பு பிழைத்துக்கொள்கிறது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளைப் பிரம்பாக ஆக்கிவிடாதீர்கள். வெறுங்கட்டத்தைக் கண்டால், 'ஏன் படிக்கவில்லை' என்று அதட்டுவதைவிட, 'இன்றைக்கு என்ன தடை வந்தது' என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் பிள்ளை பொய் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு உண்மை சொல்லும்.

தடைகளையும் அந்தத் தாளிலேயே ஓர் ஓரத்தில் எழுதிவிடலாம். எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது வந்தால் இது செய்வேன் என்று குறிக்க வேண்டும். மின்சாரம் நின்றால், பகலிலே எழுதிவைத்த குறிப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்துக் காம்பராவிலே பாட்டு உரத்து ஒலித்தால், விடியற்காலை நாலரை மணிக்கு எழுவேன். மழையினால் பஸ் வராவிட்டால், அன்றைக்கு வினாத்தாள் செய்வேன். இவ்வாறு முன்கூட்டியே முடிவு செய்தவர், தடை வந்த நேரத்திலே யோசித்துக் காலத்தை இழப்பதில்லை.

நேயர்களே! இங்கே சிலர் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். 'ஐயா, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. இரசாயனக் கூடம் இல்லை. இருக்கிறவர்களும் இடமாற்றம் பெற்றுப் போகிறார்கள். சுவரிலே படம் எழுதினால் ஆசிரியர் வந்துவிடுவாரா?' நியாயமான கேள்வி. வரமாட்டார். நாட்டிலே 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அதன் பயனைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் குடும்பங்களைப் பங்கிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான் நடந்தது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுப் பின்னடைவை ஒரு மாணவியின் மனவூக்கத்தின் தலையிலே சுமத்துவது அறமாகாது.

ஆகையினாலேதான் அந்தத் தாளிலே இன்னொரு கோடும் போடச் சொல்லுகிறேன். கோட்டின் ஒரு புறத்திலே, என் கையில் உள்ளவை. மறு புறத்திலே, என் கையில் இல்லாதவை. விளங்காத அலகு என் கையில் உள்ளது. அதைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாதது என் கையில் இல்லாதது. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் இரண்டு தீங்குகள் விளையும். தன் குற்றமல்லாததற்குத் தன்னையே நொந்துகொள்வது ஒன்று. தன்னால் முடிந்ததையும் பிறர்மேல் போட்டுவிட்டு வாளாவிருப்பது மற்றொன்று. பிரித்து எழுதினால், இரண்டாம் பட்டியலை ஒரு வகுப்பு மாணவர் அனைவரும் ஒன்றுசேர்த்து, எந்தப் பாடத்தில் எந்த அலகு எத்தனை மாதமாகக் கற்பிக்கப்படவில்லை என்ற விவரத்தோடு அதிபரிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், வலயக் கல்வி அலுவலகத்திடமும் கொண்டுசெல்லலாம். 'எங்களுக்கு ஆசிரியர் இல்லை' என்ற முறையீட்டைவிட, 'இந்த 9 அலகுகள் வெறுங்கட்டமாக இருக்கின்றன' என்று காட்டும் தாளுக்கு வலிமை அதிகம்.

மாணவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு, பல்லாண்டுகளாக நடைமுறையிலுள்ள விதிப்படி, 40 விழுக்காடு இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 விழுக்காடு மாவட்ட வரிசையிலும், 5 விழுக்காடு கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்த வசதி குறைந்த மாவட்டங்களிலே பதுளையும் ஒன்று, மொனராகலையும் ஒன்று. எனவே மேற்பகுதியில் எழுதும் இலக்கை, கொழும்பு மாணவருடைய வெட்டுப்புள்ளியைப் பார்த்து அஞ்சி எழுத வேண்டாம். நம் மாவட்டத்தின் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியை அறிந்து எழுதுங்கள். உண்மையான தூரம் தெரிந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

பல்கலைக்கழகம் புகுந்தவர்களுக்கும் இந்த முறை வேண்டியதே. பதுளையிலேயே, பசறை வீதியிலே, 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கே கற்பிப்பது ஆங்கில மொழியில். தமிழிலே உயர்தரம் படித்துச் சித்தியெய்திய மாணவர், முதலாண்டிலே பாடத்தினாலன்றி மொழியினாலேயே மனமுடைந்து போவது உண்டு. அவருடைய தாளிலே 'ஆங்கிலம் கற்பேன்' என்ற வரி இருந்தால் போதாது. நாளைக்கு விரிவுரைக் குறிப்பிலுள்ள பத்துச் சொற்கள், வாரத்துக்கு ஒரு பக்கக் கட்டுரை, மாதத்துக்கு ஒருமுறை வகுப்பிலே எழுந்து ஒரு கேள்வி என்று கட்டங்கள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் நிறமடைந்த அந்தக் கட்டங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, தான் வந்த தூரம் அவருக்கே வியப்பளிக்கும்.

இறுதியாக ஒன்று. எவ்வளவு முயன்றும் எழுதிய பெறுபேறு கிடைக்காமற்போகலாம். அப்பொழுது அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டாம். தேயிலைச் செடியை ஆண்டுக்கணக்கிலே பறித்தபின் கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டிய மலையைப் பார்த்தால் குச்சி குச்சியாய், உயிர் போனது போலத் தோன்றும். சில மாதம் கழித்து அதே செடி தளிர்க்கிறது. வேர் இருந்ததே காரணம். நிரம்பிய கட்டங்களெல்லாம் அந்த மாணவருடைய வேர். மறுமுறை பரீட்சை எழுதலாம். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து, தம்முடைய தோட்டத்துக்கே இல்லாத அந்த ஆசிரியராக வரலாம். தொழில்நுட்பக் கல்லூரியிலே ஒரு தொழிலைக் கற்கலாம். திறந்த பல்கலைக்கழகத்திலே வேலை செய்துகொண்டே படிக்கலாம். மேற்பகுதியின் ஒரு வரி மாறும். கீழே உழைத்த உழைப்பு மாறாது.

ஆகவே, இன்றிரவு இந்தப் பேச்சைக் கேட்கின்ற மாணவ மாணவியரே! ஹாலிஎலையிலோ, மடுல்சீமையிலோ, ஹப்புத்தளையிலோ, லுணுகலையிலோ நீங்கள் எங்கே இருந்தாலும், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுங்கள். இலக்கை ஒரு வரியில் எழுதுங்கள், பாதையை வரையுங்கள், நாளைக்குரிய ஒரு கட்டத்தை மாத்திரம் இன்று நினையுங்கள். உங்கள் தாய்மார் மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்பதை மாத்திரம் பறித்துக்கொண்டு, ஒரு மலையையே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் புத்தகத்துக்குக் கொண்டுவருவதே உங்கள் பங்கு.